தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் பேஸ் ஜம்பிங்: சட்டம் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைமுகடு என அசையாமல் நிற்கும் உயரங்களிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதுதான் பேஸ் ஜம்பிங். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள எல் கேப்பிட்டன் பாறை இந்த விளையாட்டின் பிறப்பிடம் என்றே சொல்லலாம். 1966-இல் இரண்டு பேர் அங்கிருந்து குதித்து, அடிபட்டாலும் உயிர் பிழைத்தார்கள். 1978-இல் படப்பிடிப்பாளர் கார்ல் போனிஷ் நவீன பாராசூட்டுகளோடு குதித்தவர்களை அங்கே படம் பிடித்தார். அதன் பிறகு உலகம் முழுவதும் இது பரவியது. ஆனால் பிறந்த இடத்தில் இன்று குதித்தால் கைவிலங்கு விழலாம்.

கீழே உள்ள கேள்விகள் அமெரிக்க தேசியப் பூங்காக்களைப் பற்றியவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குதித்த குற்றத்துக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை அவ்வளவு பெரிதல்ல. மாட்டிக்கொள்ளாமல் இருக்க மனிதர்கள் செய்யும் காரியங்கள்தான் வழக்கையும் பெரிதாக்குகின்றன, சில நேரம் உயிரையும் எடுத்துவிடுகின்றன. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுகிறார்கள்?

ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், ஒழுங்குமுறைத் தொகுப்பில் 36-ஆம் தலைப்பு, பிரிவு 2.17(ஏ)(3). ஆளையோ பொருளையோ பாராசூட், ஹெலிகாப்டர் அல்லது வேறு வான்வழி முறையில் பூங்காவுக்குள் இறக்கக் கூடாது, அங்கிருந்து எடுத்துச் செல்லவும் கூடாது என்பது அதன் சாரம். விலக்கு இரண்டே. ஒன்று, மக்கள் பாதுகாப்புக்கு ஆபத்து அல்லது பெரும் சொத்திழப்பு நேரும் அவசரநிலை. மற்றொன்று, கையில் பெர்மிட் இருப்பது.

குதிப்பவர்கள் நடுவே இதற்கு 'ஏரியல் டெலிவரி' கேஸ் என்று பெயர். யோசெமிட்டி, ஸயான் போன்ற பெரிய பூங்காக்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். தேசியப் பூங்காச் சேவை நிர்வகிக்கும் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் அனைத்துக்கும் இதே விதிதான். தேசிய நினைவிடங்களும் கிளென் கேன்யன் போன்ற பொழுதுபோக்குப் பகுதிகளும் அதில் அடக்கம்.

அந்த விதியில் பேஸ் ஜம்பிங் என்ற பேச்சே இல்லையே! நீதிமன்றத்தில் வாதாட முடியாதா?

வாதாடிப் பார்த்துவிட்டார்கள். விமானத்திலிருந்து ஆட்களையும் சாமான்களையும் இறக்குவதைத் தடுக்கத்தான் இந்த விதி எழுதப்பட்டது, மலையுச்சிக்குக் கால்நடையாக ஏறிச் சென்று குதிப்பவன் யாரையும் 'இறக்கவில்லை' என்பது குதிப்பவர்களின் பழைய வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

கிளென் கேன்யனில் லேக் பவல் ஏரிக்கு மேலே உள்ள பாறைகளிலிருந்து குதித்தவர்களின் வழக்குகள் 1990-களில் மேல்முறையீடு வரை போயின. 2000-ஆம் ஆண்டில், மேற்கு மாநிலங்களுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட், விதி பேஸ் ஜம்பிங்குக்கும் பொருந்தும் என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தது. விதியின் வாசகம் தெளிவில்லாதது என்ற முறையீடும் அங்கே எடுபடவில்லை. யோசெமிட்டியும் இதே ஒன்பதாவது சர்க்யூட்டின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆகவே இந்த வாதத்தை நம்பி உச்சிக்கு ஏறாதீர்கள்.

அதிகபட்சத் தண்டனை என்ன?

ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். இதோடு வழக்குச் செலவையும் கட்டச் சொல்லலாம். பூங்கா விதிகளை மீறுவோருக்கான தண்டனையைச் சொல்லும் அமெரிக்கச் சட்டத் தொகுப்பான யு.எஸ். கோட் 18-ஆம் தலைப்பு, பிரிவு 1865-இல் இது இருக்கிறது. சட்டத்தின் கணக்கில் இது 'கிளாஸ் பி' வகைச் சிறு குற்றம். சிறைக்குப் பதிலாக ஐந்து ஆண்டுகள் வரை நன்னடத்தைக் கண்காணிப்பில், அதாவது புரொபேஷனில், வைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

இந்த உச்சவரம்பு ஒரு குற்றச்சாட்டுக்கு உரியது. நான்கு குற்றச்சாட்டுகள் இருந்தால் நான்குக்கும் தனித்தனியே தண்டிக்கலாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சிறு குற்றமே ஆனாலும் அதனால் ஓர் உயிர் போனது என்று நிறுவப்பட்டால் அபராத உச்சவரம்பு 5,000 டாலரிலிருந்து 2,50,000 டாலராக உயர்ந்துவிடும்.

நடைமுறையில் உண்மையாகவே சிறையில் போடுகிறார்களா?

முதல் முறை மாட்டியவருக்கு, வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் அபராதம், சில காலம் புரொபேஷன், சமூக சேவை என்று முடியும். சில நாள் சிறையும் விதிக்கப்படலாம். அதை மறந்துவிட வேண்டாம்.

உண்மையில் நீண்ட காலம் வலிப்பது புரொபேஷன்தான். அதன் நிபந்தனையாக, குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பூங்காவுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு வரலாம். பேஸ் ஜம்பர்களில் பலர் பாறையேற்றக்காரர்களும்கூட. யோசெமிட்டியிலேயே வாழ்க்கையைக் கழிக்கும் ஒருவருக்கு அந்தப் பள்ளத்தாக்கு ஓரிரு ஆண்டுகள் மூடிக்கிடப்பது எந்த அபராதத்தையும்விடக் கனமானது. புரொபேஷன் காலத்தில் மறுபடி குதித்துப் பிடிபட்டால், முதல் வழக்கில் தள்ளிவைத்த சிறையையும் சேர்த்து அனுபவிக்க நேரும்.

பிடித்தவுடன் என்ன நடக்கும்?

ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்களில் சட்ட அமலாக்கப் பிரிவினர் துப்பாக்கி வைத்திருக்கும், கைது செய்யும் அதிகாரமுள்ள ஃபெடரல் அதிகாரிகள். அவர்கள் உங்களுக்கு விதிமீறல் நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம். கைது செய்து, மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தும்வரை காவலிலும் வைக்கலாம். எது நடக்கும் என்பது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது. யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே ஃபெடரல் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் இருக்கிறது. குதித்த பாறையும் விசாரிக்கும் நீதிமன்றமும் ஒரே பள்ளத்தாக்கில்.

பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கறிஞர் வேண்டும் என்று சொல்லிவிட்டு அமைதியாக இருப்பது குற்றமாகாது. பொய் சொல்வதுதான் குற்றம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஜூரி விசாரணை கேட்கலாமா?

முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் சிறை இல்லாத குற்றங்களுக்குப் பொதுவாக ஜூரி உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சொல்லிவிட்டது. பல சிறு குற்றச்சாட்டுகள் சேர்ந்து மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டினாலும் நிலைமை மாறாது என்று 1996-இல் தீர்ப்பளித்தது. மாஜிஸ்ட்ரேட் நீதிபதி ஒருவரே கேட்டுத் தீர்ப்பு சொல்வார். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 14 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். வசதியில்லாதவர்கள் அரசுச் செலவில் வழக்கறிஞரைக் கேட்கலாம். ஆனால் இந்த அளவு சிறிய குற்றங்களில் நீதிபதி அவசியம் என்று கருதினால்தான் கிடைக்கும்.

குதித்ததற்கு ஒரே ஒரு வழக்குதானே?

அபூர்வமாகத்தான் ஒன்றோடு நிற்கும். பொதுவாகச் சேர்ந்து வருபவை: ஆபத்தான சூழலை உண்டாக்கியதற்கு ஒழுங்கீனக் குற்றச்சாட்டு (பிரிவு 2.34), மூடப்பட்ட பகுதிக்குள் நுழைந்தது (1.5), விடியற்காலையில் குதிப்பதற்காக முந்தின இரவு அனுமதியில்லாமல் மேலே தங்கியது (2.10). வல்லூறுகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் யோசெமிட்டியின் சில பாறைமுகங்களை மூடிவைப்பார்கள். அந்த மூடலை மீறினால் அதற்கும் தனியே கணக்கு உண்டு.

இவையெல்லாம் ஒன்றுமில்லை. உண்மையான ஆபத்து பிரிவு 2.32-இல் இருக்கிறது. ரேஞ்சரின் பணியைத் தடுப்பது, சட்டப்படியான உத்தரவுக்குப் பணியாமல் இருப்பது, தவறான தகவல் தருவது எல்லாம் அதற்குள் வரும். இறங்கியவுடன் 'நில்' என்றதும் ஓடினால் இந்தக் குற்றச்சாட்டு விழும். வேறு பெயர் சொன்னாலும் விழும்.

பொய் இன்னும் தூரம் இழுத்துச் செல்லும். ஃபெடரல் அதிகாரியிடம் விசாரணைக்கு முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது 18-ஆம் தலைப்பு, பிரிவு 1001-இன்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கக்கூடிய பெருங்குற்றம். யோசித்துப் பாருங்கள். அதிகபட்சம் ஆறு மாதம் என்ற வழக்கை, 'நான் குதிக்கவே இல்லை, நடக்க வந்தேன்' என்ற ஒரு வாக்கியம் ஐந்து ஆண்டு வழக்காக மாற்றக்கூடும். பேசாமல் நின்றிருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. ரேஞ்சர் மீது கை வைத்தால், தள்ளிவிட்டு ஓடினால்கூட, அதிகாரியைத் தாக்கிய வழக்கு தனியே வரும்.

தப்பி ஓடிவிட்டால் வழக்கே இல்லையே?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தை எடுத்துக்காட்டிப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஃபிராங்க் கம்பாலியைப் பற்றிச் சொல்கிறேன்.

1999 ஜூன் 9. கம்பாலி இந்த விளையாட்டில் அன்று நன்கு அறியப்பட்டவர். எல் கேப்பிட்டனிலிருந்து அதிகாலையில் குதித்தார். எந்தப் பிசகும் இல்லை. பாராசூட் திறந்தது, புல்வெளியில் நல்லபடியாக இறங்கினார். ரேஞ்சர்கள் துரத்தினார்கள். அவர் மெர்சட் ஆற்றில் பாய்ந்தார். மலைப்பனி உருகி ஆறு பெருக்கெடுத்து, உறையவைக்கும் குளிரில் ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. நீரோட்டம் அடித்துக்கொண்டு போனது. உடல் சில வாரங்கள் கழித்தே கிடைத்தது.

மூவாயிரம் அடிப் பாறை அவரைக் கொல்லவில்லை. ஒரு சிறு குற்றத்தின் அபராதத்திலிருந்தும் பறிமுதலிலிருந்தும் தப்பிக்க ஓடியதில்தான் உயிர் போனது. விதியின் மேல் கோபம் கொண்டு, இப்படித் துரத்த வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆற்றங்கரையில் நிற்கும் ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு அந்த விவாதத்துக்காகக் காத்திருக்காது. நின்றுவிடுங்கள். கைகளைக் காட்டுங்கள். மற்றதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

இருட்டில் குதிப்பது, வெளிச்சம் மங்கிய பிறகு அவசரமாகக் குதிப்பது, காற்று சரியில்லாதபோதும் 'ரேஞ்சர் வருவதற்குள்' என்று குதிப்பது எல்லாம் ஓட்டத்தின் வேறு வடிவங்கள். சட்டத்துக்கு ஒளிந்து குதிப்பவர், காற்று அடங்கும்வரை உச்சியில் காத்திருக்கும் பொறுமையை இழந்துவிடுகிறார்.

பாராசூட்டைப் பறிமுதல் செய்வார்களா? திரும்பக் கிடைக்குமா?

சாட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். ரிக் (பாராசூட் மடித்துவைத்த முதுகுப்பை), கனோபி (விரியும் துணி), விங்ஸூட் (சிறகுபோல் விரியும் உடை), ஹெல்மெட், கேமரா எல்லாம் போகலாம். வழக்கு முடியும்வரை அது அரசின் கையில் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிக்கும் ஒப்பந்தத்தில், உபகரணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வதும் உண்டு. நல்ல ரிக்கின் விலை ஆயிரக்கணக்கான டாலர் என்பதால், அபராதத்தைவிட இது வலிக்கிறது என்று சொல்பவர்கள் அதிகம்.

இந்தப் பயத்திலிருந்து பிறக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பறிபோனாலும் பரவாயில்லை என்று பழைய ரிக்கையோ, பழக்கமில்லாத இரவல் ரிக்கையோ போட்டுக்கொண்டு குதிப்பது. கம்பாலி இறந்த அதே ஆண்டு, அக்டோபர் 22 அன்று, இந்தத் தடையை எதிர்த்து எல் கேப்பிட்டனில் ஒரு போராட்டம் நடந்தது. தடை இல்லையென்றால் இது பாதுகாப்பாகச் செய்யக்கூடியதே என்று காட்டுவதுதான் நோக்கம். ரேஞ்சர்களுக்கு முன்கூட்டியே தெரியும். குதித்து இறங்கியதும் கைதாவது என்பது ஏற்பாடு. ஐந்து பேரில் நான்காவதாகக் குதித்தவர் ஜான் டேவிஸ் என்ற பெண், நீண்ட அனுபவம் உள்ளவர். தன்னுடைய ரிக் பறிமுதலாகிவிடும் என்பதால் இரவல் ரிக்கோடு வந்திருந்தார். பாராசூட் திறக்கவில்லை. கணவரும் செய்தியாளர்களும் கூடியிருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கவே அவர் விழுந்து இறந்தார்.

பெரிய பாராசூட்டை இழுத்துத் திறக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று யோசிக்காமலே கை போக வேண்டிய விளையாட்டு இது. தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. உபகரணத்தை இழக்கத் தயாரில்லை என்றால் அந்த இடத்தில் குதிக்காதீர்கள். மட்டமான உபகரணத்தோடு குதிப்பது அதற்கு மாற்று ஆகாது.

வீடியோவைப் பிறகு போட்டால் பிரச்சினை வருமா?

வரும். இந்த வகைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரக் கால வரம்பு ஐந்து ஆண்டுகள். ஹெல்மெட் கேமராவில் பதிவான பாறைமுகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ரேஞ்சர்களில் இருக்கிறார்கள். நிழல் விழும் விதம், தரையில் பனி கிடக்கும் அளவு, ஆற்றில் நீர்மட்டம் இவற்றை வைத்து நாளைக்கூடக் குறுக்கிவிட முடியும். உங்கள் சமூக ஊடகப் பதிவு, நீங்களே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் மாதிரிதான்.

ட்ரோனில் படம் எடுத்தால் அது தனிக் குற்றம். 2014-இலிருந்து தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடத் தடை இருக்கிறது.

நான் குதிக்கவில்லை. கார் ஓட்டினேன், கீழே நின்று படம் எடுத்தேன். என்மேல் வழக்கு வருமா?

வரலாம். குற்றத்துக்குத் தெரிந்தே உதவுபவரையும் குற்றம் செய்தவராகவே ஃபெடரல் சட்டம் பார்க்கிறது. இறங்கும் இடத்தில் என்ஜினை அணைக்காமல் காத்திருந்து நண்பரை ஏற்றிக்கொண்டு கிளம்புவது அதற்குள் வரும். வாக்கி டாக்கியில் 'ரேஞ்சர் வண்டி போகிறது' என்று சொல்வதும் அப்படித்தான். தற்செயலாக அங்கே நின்று அண்ணாந்து பார்த்தவர் மேல் வழக்கு வராது.

நண்பருக்கு அடிபட்டுவிட்டது. உதவிக்கு அழைத்தால் மாட்டிக்கொள்வோமே?

அழையுங்கள். 911. உடனே.

எங்கே விழுந்தார், என்ன உடைந்திருக்கிறது, பாராசூட் பாறையில் சிக்கியிருக்கிறதா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பாறைமுகத்தில் தொங்கிக்கொண்டிருப்பவரை எடுக்க வரும் குழுவுக்கு அவர் பாராசூட்டில் தொங்குகிறாரா, கயிற்றிலா என்பது தெரிந்தால்தான் ஹெலிகாப்டரை எவ்வளவு அருகே கொண்டுவரலாம் என்று முடிவெடுக்க முடியும். விரிந்த துணி, சுழலும் இறக்கைகளின் காற்றில் மறுபடி உப்பினால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. 'டிரெக்கிங் போனவர் விழுந்துவிட்டார்' என்று மாற்றிச் சொல்வது மீட்கவரும் மனிதர்களையும் பணயம் வைப்பது.

செலவு? தேடுதல், மீட்புப் பணிக்குத் தேசியப் பூங்காச் சேவை பொதுவாகக் கட்டணம் வசூலிப்பதில்லை. சட்டத்தை மீறியதால் நேர்ந்த மீட்பு என்றால் ஆபத்தை உண்டாக்கியதற்கான வழக்கு வரலாம். இழப்பீட்டை புரொபேஷன் நிபந்தனையாகவும் நீதிபதி விதிக்கலாம். தனியார் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரும் மருத்துவமனையும் பில் அனுப்பும். பயணக் காப்பீடுகள் பலவற்றில் சட்டவிரோதச் செயலுக்கும் பேஸ் ஜம்பிங்குக்கும் விலக்கு எழுதியிருக்கும். இத்தனையும் சேர்ந்து வந்தாலும் ஓர் இடுப்பெலும்பு முறிவில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மணி நேரத்துக்கு ஈடாகாது.

நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை. விசாவைப் பாதிக்குமா?

பூங்கா விதியை மீறியது பொதுவாக நாட்டைவிட்டு வெளியேற்றும் வகைக் குற்றமல்ல. ஆனால் அடுத்த விசா விண்ணப்பத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டிக்கப்பட்டீர்களா என்ற கேள்வி இருக்கும். 'ஆம்' என்று எழுதி விளக்கம் தர வேண்டும். 'இல்லை' என்று எழுதிவிட்டு அது பொய் என்று தெரிந்தால், அந்தப் பொய்யே நுழைவுரிமையை நிரந்தரமாகப் பறிக்கக்கூடிய காரணமாகிவிடும்.

நோட்டீஸைக் கையில் வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போய்விடலாம் என்று நீதிமன்றத் தேதியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஜராகாவிட்டால் வாரண்ட் பிறப்பிக்கப்படும். அது தானாகக் காலாவதியாகாது. சில ஆண்டுகள் கழித்து விமான நிலையத்தில் கைரேகை வைக்கும்போது எதிரே வந்து நிற்கும். பயணத்தை மாற்ற முடியாதென்றால் வழக்கறிஞர் மூலம் தேதியை மாற்றவோ, நேரில் வராமல் முடிக்கவோ நீதிமன்றத்திடம் கேளுங்கள்.

குடிமக்களுக்கும் ஒரு வார்த்தை: ஃபெடரல் தண்டனைப் பதிவை அழிக்கப் பொதுவான சட்டவழி எதுவும் இல்லை.

விங்ஸூட், பாராகிளைடர், ஹேங் கிளைடருக்கும் இதே விதியா?

விங்ஸூட் அணிந்தாலும் கடைசியில் பாராசூட்டில்தான் இறங்குகிறீர்கள். ஆகவே அதே 2.17(ஏ)(3). 2015 மே மாதம் யோசெமிட்டியின் டாஃப்ட் பாயிண்டிலிருந்து விங்ஸூட்டில் பறந்து டீன் பாட்டரும் கிரஹாம் ஹன்ட்டும் இறந்தபோது இந்தத் தடை மறுபடி பெரிய விவாதமானது.

பாராகிளைடர் போன்றவை 'விமானம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. குறிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அதே யோசெமிட்டியில் கிளேசியர் பாயிண்டிலிருந்து, தகுதி பெற்ற ஹேங் கிளைடர் ஓட்டிகள் கோடைக்கால வார இறுதிக் காலைகளில் அனுமதியோடு பறக்கிறார்கள். பள்ளத்தாக்கின் புல்வெளியில் இறங்குகிறார்கள். அதற்கு ஒழுங்குபடுத்தும் வழி கண்டவர்கள் இதற்கு ஏன் காணவில்லை என்று குதிப்பவர்கள் கேட்பதில் எனக்கு நியாயம் தெரிகிறது.

பிறகு ஏன்தான் தடுக்கிறார்கள்? அனுமதித்துப் பார்த்ததே இல்லையா?

பார்த்தார்கள். 1980 கோடையில் எல் கேப்பிட்டனுக்குப் பெர்மிட் கொடுத்தார்கள், அனுபவத் தகுதி போன்ற நிபந்தனைகளோடு. சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். நிபந்தனைகளை மீறியவர்களும், பெர்மிட்டே இல்லாமல் குதித்தவர்களும் இருந்தார்கள் என்பது பூங்காவின் தரப்பு. போதிய அவகாசம் தரவே இல்லை என்பது குதிப்பவர்களின் தரப்பு.

அதற்குப் பின்னால் பழைய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1916-இல் பூங்காச் சேவையை உருவாக்கிய சட்டம், இயற்கையைச் சிதையாமல் காத்து, அடுத்த தலைமுறைகளும் அனுபவிக்கும்படி விட்டுவைக்கச் சொல்கிறது. எந்தப் பொழுதுபோக்கை அனுமதிப்பது என்ற முடிவில் அந்த நோக்கமே முதலில் நிற்கும். வேடிக்கை பார்க்கும் கூட்டம், மீட்புக் குழுவின் சுமை, கூடுகட்டும் பறவைகள் எல்லாம் அடுத்தடுத்த காரணங்கள். ஆபத்தானது என்ற ஒன்று மட்டுமே காரணமாக இருந்தால் கயிறில்லாமல் பாறையேறுவதையும் தடுத்திருக்க வேண்டும். அதற்குத் தடையில்லை.

பெர்மிட் கேட்டால் கிடைக்குமா?

காகிதத்தில் கதவு மூடப்படவில்லை. பூங்காச் சேவையின் 2006 நிர்வாகக் கொள்கை, பேஸ் ஜம்பிங் பொதுவாகத் தடை என்று சொல்லிவிட்டு, ஒரு பூங்கா தன் திட்டமிடல் முறையில் அது பொருத்தமானது என்று முடிவு செய்தால் பெர்மிட்டோடு அனுமதிக்கலாம் என்கிறது. பூங்காக்கள் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

நன்கு தெரிந்த விதிவிலக்கு 'பிரிட்ஜ் டே'. மேற்கு வர்ஜீனியாவில், இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் நியூ ரிவர் கார்ஜ் பள்ளத்தாக்கின் மேலே 876 அடி உயரத்தில் ஒரு பாலம். ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை போக்குவரத்தை நிறுத்திவிட்டு, சில மணி நேரம் சட்டப்படி குதிக்க விடுகிறார்கள். ஆற்றில் மீட்புப் படகுகள், கரையில் மருத்துவக் குழு, பதிவு செய்தவர்களின் வரிசை எல்லாம் இருக்கும். அங்கும் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. 1966-இல் எல் கேப்பிட்டனிலிருந்து குதித்த இருவரில் ஒருவரான பிரையன் ஷூபர்ட், 40 ஆண்டுகள் கழித்து 2006-இல் இந்தப் பாலத்திலிருந்து குதித்தபோது இறந்தார். ஆனால் யாரும் யாரையும் துரத்தவில்லை, யாரும் ஆற்றில் ஒளியவில்லை.

சட்டப்படி குதிக்க வேறு எங்கே போவது?

ஐடஹோ மாநிலம் ட்வின் ஃபால்ஸில் உள்ள பெரைன் பாலம். 486 அடி. ஆண்டு முழுவதும் பெர்மிட் இல்லாமல் குதிக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள். யூட்டாவில் மோவாபைச் சுற்றி நில மேலாண்மைத் துறையின் கையில் உள்ள பாறைகளில் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் அங்கேயே ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களும் ஒட்டியே இருக்கின்றன. குதிக்கும் இடம் மட்டுமல்ல, இறங்கும் இடமும் யாருடைய நிலம் என்பதை எல்லை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருனன் பள்ளத்தாக்கும் நார்வேயின் ஷெராக் பாறையும் பெயர்பெற்றவை. நார்வேயிலேயே டிரோல்வெகன் சுவரில் மட்டும் 1986-இலிருந்து தடை. கார்ல் போனிஷ் 1984-இல் இறந்தது அந்தச் சுவரில்தான்.